மொழியை வாசலில் நிறுத்திவிட்டு நாடகமா?

சீனக் கல்வி அமைச்சகம் 2022-இல் வெளியிட்ட கலைப் பாடத்தரத்தின் வழியாக மரபு இசைநாடகம் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்துவிட்டதாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அந்தப் பாடத்தரம் இசைநாடகத்துக்கெனத் தனிப்பாடம் எதையும் வகுக்காமல், மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை இசை, ஓவியப் பாடங்களின் ஊடே, நடனம், திரைப்படம் ஆகியவற்றோடு சேர்த்து அதையும் செருகியிருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே அளவில் வெட்டப்பட்ட இந்த ஏற்பாடு பிற மாகாணங்களுக்கு எப்படியோ, கான்டனீஸ் இசைநாடகத்தின் தாயகமான குவாங்டொங்குக்கு அறவே பொருந்தவில்லை. அங்கு வகுப்பறையின் மொழி மாண்டரின். மேடையின் மொழி கான்டனீஸ்.

பாட்டு, வசனம், அபிநயம், சண்டைக் காட்சி ஆகிய நான்கும் பிணைந்த இக்கலைக்குப் பாங்சி, அர்ஹுவாங் என்னும் இரு மெட்டுக் குடும்பங்கள் இசையடித்தளமாக உள்ளன. கான்டனீஸ், ஒரே அசை உச்சரிக்கப்படும் தொனிக்கேற்பப் பொருள் மாறுகிற மொழி. அதன் ஆறு தொனிகளின் ஏற்ற இறக்கத்துக்கு இணங்கவே பாடுபவர் மெட்டை வளைக்கிறார், மெட்டு முன்பே அமைந்ததாயின் எழுதுபவர் அதற்கு ஒத்த தொனியுள்ள சொல்லைத் தேடி அமர்த்துகிறார். எனவே மொழியை நீக்கினால் பொருளோடு இசையின் காரணமும் போய்விடுகிறது. குவாங்சோவின் புகழ்பெற்ற நடிகை ஹுங் சின்-நுய்யின் பெயரால் வழங்கும் பாடுமுறைகூட, அத்தொனிகளை அறியாத குழந்தையின் காதில் இனிய ஓசையாக மட்டுமே விழும். இக்கலையும் முற்காலத்தில் வடக்கத்திய மேடைமொழியில்தான் பாடப்பட்டது என்று வாதிடுவோர் உண்டு. அது உண்மைதான், ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கான்டனீஸுக்கு மாறியபோதுதான் ஆண் வேடங்களின் உச்சக்குரல் இயல்பான தாழ்குரலாகி, இன்று உலகம் அறிந்த வடிவம் உருவானது என்பதால், அந்த வாதம் வாதிடுவோரையே திருப்பித் தாக்குகிறது.

மொழி விலக்கப்பட்டபின் வகுப்பறையில் எஞ்சுவது, ஓவியப் பாடத்தில் நாடக முகங்களுக்கு வண்ணம் தீட்டல். அதிலும், பல நிறக் கோலமிட்ட முகங்கள் பெய்ஜிங் இசைநாடகத்தின் பரவலான அடையாளம். கான்டனீஸ் மேடையில் நாயகனும் நாயகியும் பெரும்பாலும் வெள்ளைப் பூச்சின் மேல் சிவப்புக் குழைத்தே தோன்றுவர்.

சட்டம் தடுக்கிறது என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தேசியப் பொதுமொழிச் சட்டம், பள்ளிகளில் மாண்டரினைக் கற்பித்தல் மொழியாக விதித்தபோதிலும், அதன் 16-ஆவது பிரிவில், இசைநாடகம் போன்ற கலைகளுக்குத் தேவைப்படுமிடத்து வட்டார மொழிகளைப் பயன்படுத்தலாம் என்று கூறுகிறது. திறந்திருக்கும் கதவைத் தள்ளிப் பார்க்கவும் மனமில்லாதவர்களே கலைப் பாடவேளைகளை வகுத்திருக்கிறார்கள்.

இந்த மனப்பாங்கு புதியதன்று. 2008-இல் இதே அதிகார வட்டம் 15 பெய்ஜிங் இசைநாடகப் பகுதிகளைப் பள்ளி இசைப்பாடத்தில் சேர்த்துச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்த பத்து மாகாணங்கள், நகரங்களுள் குவாங்டொங்கும் இருந்தது. தமக்கென ஒரு நாடக மரபு உள்ள மண்ணின் பிள்ளைகள், பண்பாட்டுப் புரட்சிக் கால 'மாதிரி நாடகங்களின்' பாடல்களை உள்ளடக்கிய அத்தொகுப்பை வடக்கத்திய உச்சரிப்பில் பாட வேண்டியதாயிற்று. 2010-இல் குவாங்சோ நகரின் அரசியல் ஆலோசனைக் குழு, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வரும் விருந்தினரைக் காரணம் காட்டி, நகரத் தொலைக்காட்சியின் முதன்மை ஒளிபரப்பை மாண்டரினுக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்தபோது, அவ்வாண்டு ஜூலையில் மக்கள் தெருவுக்கு வந்த பின்னரே அதிகாரிகளின் பேச்சில் சுருதி இறங்கியது. 2017-இன் 'பள்ளிக்குள் இசைநாடகம்' திட்டமோ, மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஓர் இலவச நாடகம் என்பதை எட்ட வேண்டிய இலக்காக அறிவித்தது. ஆண்டுக்கு ஒன்று; அதுவும் இலக்குதான்.

2006-இல் தேசிய மரபுப் பட்டியலிலும், 2009-இல் ஹாங்காங், மக்காவ் ஆகியவற்றுடன் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலிலும் கான்டனீஸ் இசைநாடகத்தை ஏற்றுவதற்குக் காட்டிய முனைப்பில் சிறு பங்கையேனும் வகுப்பறைக்குக் காட்டியிருந்தால் இந்த அவலம் நேர்ந்திராது. 1850-களில் நடிகர் லீ வென்மாவ் கலகத்தில் இறங்கியதற்காகச் சிங் அரசு இக்கலையைத் தடைசெய்து, ஃபோஷானிலிருந்த நடிகர் சங்க மண்டபத்தை அழித்தது. அழிப்பதற்கு அன்று பாதுகாப்பு என்று எவரும் பெயரிடவில்லை.

பாடவேளைக்குப் பின் சில பள்ளிகளில் இயங்கும் குழந்தைகள் நாடகக் குழுக்கள், ஊரின் மொழியிலேயே இக்கலையைக் கற்பிக்க முடியும் என்பதைக் காட்டிவருகின்றன. அதற்குரிய மதிப்பை முறையான பாடவேளையிலும் அளிக்க வேண்டும். மேடையை அறிந்த முதுகலைஞர்களைக் கலந்து, கான்டனீஸுக்கு வகுப்பறையில் தகுந்த இடம் வழங்க வேண்டும். அதைச் செய்ய முன்வராதவர்கள், இசைநாடகத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டதாக இனி அறிக்கை விடாமலாவது இருக்கட்டும்.