எலிக்குக் குணமாச்சு... நமக்கு?

1/ "எம்.எஸ். நோய்க்கு மருந்து வந்தாச்சு!" இப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்புல அடிக்கடி சுத்தும். உள்ளே போய்ப் படிச்சா, குணமானது சுண்டெலி. பெரம்பலூர், அரியலூர்ல ஓ.பி.க்கு வர்றவங்களும் இதைக் காட்டி, "இப்ப சாப்பிடற மருந்தை நிறுத்திடலாமா டாக்டர்?"னு கேக்கறாங்க. நிறுத்தக் கூடாது. ஏன்னு சொல்றேன்.

2/ எம்.எஸ்.ன்னா மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். கரண்ட் வயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்கற மாதிரி, நரம்பு மேல மயலின்னு ஒரு உறை இருக்கு. நம்ம எதிர்ப்பு சக்தியே அதை அரிக்கறதுதான் இந்த நோய். பெரும்பாலும் 20-40 வயசுல ஆரம்பிக்கும், பெண்களுக்கு அதிகம்.

3/ இதை விலங்குக்கு எப்படி வரவைக்கறாங்க? அந்தக் கதை நாய்க்கடி ஊசியில தொடங்குது. தொப்புளைச் சுத்தி 14 ஊசி, ஞாபகம் இருக்கா? அது ஆட்டு மூளையில செஞ்ச செம்பிள் தடுப்பூசி. நம்ம குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துலயும் தயாரிச்சாங்க. ஊசியோட சேந்து போன மயலினை உடம்பு எதிர்த்ததுல, சிலருக்கு மூளையும் தண்டுவடமும் வீங்கி கைகால் விழுந்தது.

4/ 2004 கடைசியில இந்தியாவுல அதை நிறுத்தியாச்சு. இப்ப போடறது செல் வளர்ப்பு ஊசி, அதுல மூளைத் திசு கிடையாது. நாய் கடிச்சா பயப்படாம போட்டுக்குங்க.

5/ 1930களில் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்துல தாமஸ் ரிவர்ஸ் முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியா போட்டுப் பார்த்தார். குரங்கு மூளையில மயலின் சிதைஞ்சது. இன்னைக்கு எம்.எஸ். ஆய்வுல அதிகம் பயன்படற இ.ஏ.இ.ங்கற விலங்கு மாதிரி இந்த வழியில வந்ததுதான்.

6/ ஆனா இது நாமளா உண்டாக்கின நோய். சுண்டெலிக்குப் பாதிப்பு பெரும்பாலும் தண்டுவடத்துல. மனுஷனுக்கு மூளையிலயும் நிறைய. அதனால பலன் மாறலாம். டி.என்.எஃப்.ங்கற வேதிப்பொருளைத் தடுத்தா விலங்குகளுக்கு நல்லா ஆச்சு. அதே வேலை செய்யற லெனர்செப்ட் மருந்தை மனுஷங்களுக்குக் கொடுத்தப்போ நோய்த் தாக்குதல் அதிகமாச்சு. 1999ல வெளியான ஆய்வு இது.

7/ அப்ப விலங்கு ஆய்வே வீணா? இல்லை. நேட்டலிசுமாப் மருந்துக்கான வழி 1992ல எலிகள்லதான் தெரிஞ்சது. மருந்துக்கு அனுமதி கிடைச்சது 2004ல. நடுவுல 12 வருஷம்!

8/ இதுல எம்ஆர்ஐ எங்க வருது? முன்னாடி நோய் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பார்க்க, ஒவ்வொரு கட்டத்துலயும் சில விலங்குகளைக் கொன்னு மூளையை வெட்டிப் பார்க்கணும். இப்ப மயக்கம் கொடுத்து, அறுக்காம, அதே விலங்கை வாராவாரம் ஸ்கேன் பண்ணலாம். சாகற விலங்கும் குறையும்.

9/ லேசான வேலை இல்லை. சுண்டெலி மூளை அரை கிராம்கூட வராது. நம்மது 1,300 கிராமுக்கு மேல. அவ்வளவு சின்னதைப் பார்க்க 7 அல்லது 9.4 டெஸ்லா காந்தம் வேணும். ஆஸ்பத்திரியில நீங்க படுக்கறது பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா.

10/ 1990ல கினிப் பன்றிகள்ல செஞ்ச ஆய்வு முக்கியமானது. காண்ட்ராஸ்ட் மருந்து ஏத்தினதும் ஸ்கேன்ல மின்னுற இடத்துல, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கற தடுப்பு திறந்திருக்கு, அங்க அழற்சி நடக்குதுன்னு காட்டினாங்க. இ.ஏ.இ. விலங்குகள்ல கால் இழுக்கறதுக்கு முன்னாடியே இந்த மாற்றம் தெரியலாம்.

11/ மனுஷங்களுக்கும் அப்படித்தான். வெளிய ஒரு தொந்தரவும் இல்லாம உள்ளே புதுப் புள்ளி வரும். "நல்லாத்தானே இருக்கேன்"னு மருந்தை விடறது அதனாலதான் ஆபத்து. நடக்கறதை மட்டும் வச்சு நோய் அடங்கிடுச்சுன்னு சொல்ல முடியாது.

12/ நம்ம ஊர்ல இன்னொரு சிக்கல். மக்காச்சோளக் காட்டுல வெயில் ஏற ஏறக் கண் மங்குது, நிழல்ல உக்காந்தா சரியாகுது. "சூடு, மோர் குடி"ன்னு விட்டுடறோம். உடம்பு சூடாறப்போ எம்.எஸ். தொந்தரவும் இப்படிக் கூடும். இளவயசுல ஒரு கண் வலியோட மங்கினாலோ, கால் மரத்து ஒரு நாளுக்கு மேல நீடிச்சாலோ டாக்டரைப் பாருங்க. தானா சரியானாலும் பாருங்க. திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போய் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா தள்ளிப் போடாதீங்க.

13/ அடுத்த தடவை அந்தச் செய்தி வந்தா மூணே கேள்வி: யாருக்குக் குணமாச்சு? ஸ்கேன்ல மாற்றம் தெரிஞ்சுதா? மனுஷங்கள்ல பார்த்தாச்சா? பதில் இல்லைன்னா ஃபார்வர்ட் பண்ண வேண்டாம். மருந்தையும் விட வேண்டாம்.