நைந்து போகும் ஹுர்மத்

 

பிள்ளையின் கையிலிருந்து குர்ஆன் தவறி விழுந்தால் வீடே பதறிப் போகிறது. உம்மா ஓடிவந்து எடுத்து, முத்தமிட்டு, கண்களில் ஒற்றிக்கொள்கிறார். அந்தப் பதற்றம் நல்லது. புனிதம் என்று ஒன்று உண்டு என்பதை அவரது உள்ளம் அறிந்திருக்கிறது.

இப்புனிதத்தை அரபியில் ‘ஹுர்மத்’ என்பர். ஹராம், ஹரம், இஹ்ராம், முஹர்ரம் ஆகிய சொற்களும் அதே மூலத்திலிருந்து பிறந்தவையே. தடுக்கப்பட்டது, கண்ணியமானது என்ற இரு பொருளும் அதில் அடங்கியுள்ளன. கண்ணியமானதால்தான் அதைச் சுற்றி ஒரு வேலி!

அந்த வேலியைத் தாண்டுவதற்குப் பெயர் ‘இன்திஹாக்’. இதன் வேர்ச்சொல் ‘நஹிக’. காய்ச்சல் ஒருவரை உருக்கி மெலியவைத்தாலும், ஓர் ஆடையை நைந்து கிழியும்வரை உடுத்தினாலும் அரபிகள் இவ்வேர்ச்சொல்லையே பயன்படுத்துவர். கவனித்தீர்களா? புனிதம் ஒரே அடியில் உடைவது மாத்திரமல்ல. பழகிப் பழகித் தேய்ந்தும் போகிறது.

நபி (ஸல்) அவர்கள் தமக்காக எவரையும் பழிவாங்கியதில்லை. அல்லாஹ்வின் ஹுர்மத் மீறப்பட்டால் மாத்திரம் அல்லாஹ்வுக்காக நடவடிக்கை எடுப்பார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அங்கும் இச்சொல்லே வந்துள்ளது.

அப்படியாயின் புனிதமானவை எவை? கஃபாவும் குர்ஆனும் மாத்திரமா? ஹிஜ்ரி 10இல் தமது இறுதி ஹஜ்ஜில் நபியவர்கள் மக்களின் உயிர், பொருள், மானம் மூன்றையும் அந்த நாளோடும் அந்த மாதத்தோடும் மக்கா நகரோடும் ஒப்பிட்டு, அவையும் அவ்வாறே புனிதமானவை என்று அறிவித்தார்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். குர்ஆனைக் கண்களில் ஒற்றிக்கொண்ட அதே வீட்டில், அஸருக்குப் பின் அடுத்த வீட்டுக் குமரின் நடத்தை பேசப்படுகிறது. பெண் வீட்டாரின் காணியும் வீடும் சீதனமாகக் கேட்கப்படுகின்றன. கைமாற்றாக வாங்கிய பணம் வருடக் கணக்கில் திரும்புவதில்லை. அப்போது யார் பதறுகிறார்கள்? முதல் நாள் நாக்குக் கூசியிருக்கும். பத்தாம் நாள் கூசுவதில்லை. ஆடை நைந்துவிட்டது!

சகோதரர்களே, கீழே விழுந்த குர்ஆனை உடனே எடுத்து வைக்கிறோம். நம் நாவால் விழுந்த ஒருவரின் மானத்தையும் அவ்வாறே எடுத்து வைப்போம். பேசிய சபையிலேயே அவரைப் பற்றி நல்லதைச் சொல்வோம். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்போம். வல்ல அல்லாஹ் நம் உள்ளத்தின் கூச்சத்தைப் பாதுகாப்பானாக! ஆமீன்.