ரெண்டு குமிழ் போதும் சாமி!

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. இன்னைக்குப் பதிவு ஒரு ரேடியோ பெட்டியைப் பத்தி. "செல்போன் இருக்குற காலத்துல ரேடியோவா?"ன்னு சிரிக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் வாங்க.

எங்க ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். அப்பா ரிடையர்டு வாத்தியார். நாலு வருசமா கிளாக்கோமா. ஒரு கண்ணில் பார்வை சுத்தமா போயிடுச்சு. இன்னொன்றில் நேரா இருக்கிறது மட்டும் மங்கலாத் தெரியும். பேப்பர் நின்றது, டிவி நின்றது. மிச்சம் இருந்தது கோடை எஃப்.எம். மட்டும்தான். 100.5. எங்க பக்கம் அதைக் கேட்டு வளராத ஆள் கிடையாது.

போன தீபாவளிக்கு முன்னாடி வீட்டில் இருந்த பழைய பெட்டி உயிரை விட்டது. நான்தான் என்ஜினியராச்சே! ஆன்லைனில் ஒரு மணி நேரம் அலசி, 2,400 ரூபாய்க்கு ஒரு பெட்டி ஆர்டர் போட்டு நேரா ஊருக்கு அனுப்பிட்டேன். ப்ளூடூத், யூ.எஸ்.பி., மெமரி கார்டு, கலர் கலரா எரியும் விளக்கு, கூடவே எஃப்.எம். "1000 வாட் பி.எம்.பி.ஓ."ன்னு அட்டையில் கொட்டை எழுத்து. (சிரிக்காதீங்கப்பா.)

போன்ல கேட்டேன். "எப்டிப்பா இருக்கு?"

"நல்லாத்தான் பாடுதுய்யா."

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்பதான் விஷயம் புரிந்தது. பெட்டி மேல துண்டு காயுது. அம்மாகிட்ட கேட்டா, "அது எங்கடா பாடுது? கரண்ட் போய் வந்தா ப்ளூடூத்னு ஏதோ கத்துது. ஸ்டேசன் வைக்க பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடணும். அவன் ஸ்கூல் போயிட்டா இவரு சும்மா உக்காந்திருப்பாரு. ஒவ்வொரு தடவையும் கூப்பிட இவருக்குக் கூச்சம்"ன்னாங்க.

ஆறு பட்டன். ஆறும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. ஒரே பட்டனை ஒரு தடவை அழுத்தினா ஒரு வேலை, அழுத்திப் பிடிச்சா வேற வேலை. கண் தெரிஞ்ச எனக்கே ரெண்டு தடவை தப்பாச்சு. ரெண்டு மாசமா அப்பா ரேடியோ கேக்கல. அதை என்கிட்ட சொல்லவும் இல்லை. பையன் ஆசையா வாங்கி அனுப்புனதாச்சே.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஆபீஸ்ல நானும் இதே வேலையைத்தானே பண்றேன்? "இன்னொரு வசதி சேர்த்துடலாம்"னு மீட்டிங்ல கை தூக்குற ஆள் நான்தான்.

சரி, சொந்தக் கதை போதும். என் கட்சி இதுதான்: விலை குறைந்த ரேடியோவில் ஒவ்வொரு கூடுதல் வசதியும் ஸ்பீக்கரோட பணத்தைத் திருடித்தான் வருது. 2,000 ரூபாய்க்குள்ள ப்ளூடூத், பேட்டரி, விளக்கு எல்லாம் தரணும்னா எதுல கை வைப்பான்? கண்ணுக்குத் தெரியாததுல. அதாவது ஸ்பீக்கர், பெட்டி, ஏரியல்.

ஸ்பீக்கரை எடுத்துக்குங்க. ரெண்டு இஞ்ச் ஸ்பீக்கரைவிட நாலு இஞ்ச் ஸ்பீக்கருக்குப் பரப்பு நாலு மடங்கு. கீழ்ச்சுரம் வரணும்னா காத்தை நிறைய நகர்த்தணும். அதிர்வெண் பாதியா இறங்கினா, அதே சத்தத்துக்கு நகர்த்த வேண்டிய காத்து நாலு மடங்கு. ஆம்பளைக் குரலோட அடிச்சுரம் 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். தீப்பெட்டி சைஸ் ஸ்பீக்கர் அதுக்கு எங்க போகும்? அதான் செய்தி வாசிக்கிறவர் தகர டப்பாக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி கேக்குது.

அடுத்தது இந்த வாட் கதை. பி.எம்.பி.ஓ. என்பதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது, அவனவன் இஷ்டம். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். மட்டும். ஒரு ரூமுக்கு ஒரு வாட்டே தாராளம்.

"ரெண்டு ஸ்பீக்கர், ஸ்டீரியோ"ன்னு ஆசை காட்டினாலும் ஏமாறாதீங்க. ஒரு சாண் இடைவெளியில் ரெண்டு குட்டி ஸ்பீக்கர் இருந்தா என்ன ஸ்டீரியோ கேட்டுடப் போகுது? அதைவிட, சிக்னல் சுமாரா வர்ற இடத்தில் எஃப்.எம். ஸ்டீரியோவில் இரைச்சல் மோனோவைவிட 20 டெசிபல் கிட்ட அதிகம். ஆக, ஒரே பெரிய ஸ்பீக்கர் வைத்த மோனோ பெட்டிதான் ஏழைக்கேத்த எள்ளுருண்டை.

ஏரியலும் அப்படித்தான். 100.5 மெகாஹெர்ட்ஸ் அலையோட நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, 75 சென்டிமீட்டர், இழுக்குற கம்பி இருந்தா நல்லது. எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும். கொடைக்கானல் ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் இருப்பதால்தான் கோடை எஃப்.எம். கீழே அத்தனை ஊருக்கும் இறங்குது. ஆனா நான் வாங்கின பெட்டியில் கம்பியே இல்லை, சார்ஜர் ஒயர்தான் ஏரியலாம். ஒயரைப் புடுங்கினா புஸ்ஸ்ஸ்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவுல ஹென்றி க்ளாஸ்னு ஒரு மனுசன், 2002-ல் காலமானார். 1960-லேயே கே.எல்.எச். மாடல் எய்ட்னு மேஜை ரேடியோ செஞ்சு பேர் வாங்கியவர். 2000-ல் டிவோலி மாடல் ஒன்னு ஒரு ரேடியோ வடிவமைச்சார். மரப்பெட்டி, ஒரே ஒரு மூணு இஞ்ச் ஸ்பீக்கர், மோனோ, ஸ்டேசன் பிடிக்க ஒரு பெரிய சக்கரம். அவ்வளவுதான். அதுக்கே உலகம் பூரா ரசிகர்கள். நம்ம பட்ஜெட்டுக்கு அது எட்டாது, ஆனா பாடம் இலவசம்தானே?

பாடத்தை எடுத்துக்கிட்டு ஒரு சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைக்காரர், "தம்பி, ப்ளூடூத் மாடல் எடுத்துக்கோங்க, இதெல்லாம் யாரு வாங்குறா?"ன்னார். "எங்கப்பா வாங்குவாருண்ணே"ன்னேன். அலமாரிக்கு மேலேருந்து தூசி தட்டி மூணு பெட்டி இறக்கினார்.

பாட்டு வச்சுப் பார்க்கல. பாட்டு எல்லாப் பெட்டியிலும் நல்லாத்தான் கேக்கும், ஏன்னா நமக்குத் தெரிஞ்ச பாட்டுல இல்லாததை மனசே நிரப்பிக்கும். பேச்சுதான் சரியான பரீட்சை. யாரோ பேசிக்கிட்டிருந்த ஒரு ஸ்டேசனை வச்சு, சத்தத்தை நல்லாக் குறைச்சேன். சொல்லு சொல்லா புரியுதா? அப்புறம் முக்கால்வாசி ஏத்தினேன். "ச" எல்லாம் "ஸ்ஸ்"னு சீறுதா? பெட்டி கிடுகிடுங்குதா? கடைசியா கண்ணை மூடிக்கிட்டு ஆன் பண்ணி, ஸ்டேசன் மாத்தி, சத்தம் ஏத்தி இறக்கி, ஆஃப் பண்ணிப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார். பரவாயில்லை.

மூணாவது பெட்டி பாஸ். 1,650 ரூபாய். நாலு இஞ்ச் ஸ்பீக்கர், இழுக்குற கம்பி, நேரா கரண்டுல சொருகலாம், கரண்ட் போனா பேட்டரிக்கட்டை. ரெண்டே குமிழ். வலது பக்கம் ஸ்டேசன், இடது பக்கம் சத்தம். மியூசிக் சிஸ்டம் மாதிரி அதிரும்னு பொய் சொல்ல மாட்டேன், அதிராது. ஆனா மனுசன் பேசினா மனுசன் பேசுற மாதிரி இருக்கு.

ஊருக்குக் கொண்டு போய் ஸ்டேசன் குமிழ் மேல 100.5 வர்ற இடத்தில் ஒரு சொட்டு ஃபெவிகுவிக் வச்சேன். காய்ஞ்சதும் சின்ன மேடு மாதிரி ஆயிடுச்சு. அது மேல் பக்கம் வந்தா கோடை எஃப்.எம். அப்பா விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலை அஞ்சே முக்காலுக்கு ரேடியோ சத்தத்தில்தான் எழுந்தேன். இன்னும் பத்து நிமிசம் தூங்கியிருக்கலாம், ஆனா கோபம் வரல :-)

வீட்டுப் பெரியவங்களுக்கு எது வாங்கினாலும், வசதி எத்தனைன்னு எண்ணாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு, யாரையும் கூப்பிடாம, அதை ஓட்ட முடியுமான்னு பாருங்க.

உங்க வீட்டு ரேடியோ கதை இருந்தா பின்னூட்டத்துல போடுங்க.

டிஸ்கி: பழைய பெட்டி இப்ப என் சென்னை ரூம்ல இருக்கு. விளக்கு மட்டும் சூப்பரா எரியுது. 1000 வாட்டாச்சே!