ஹேக் பண்ணவே முடியாதாமே!

"ஹேக் செய்யவே முடியாத குவாண்டம் நெட்வொர்க்" என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் எனக்கு லேசாக எரிச்சல் வரும். இயற்பியல் விதியே காவல் காக்குதாம். விதி சரிதான் மக்களே, ஆனா அதை நடத்திக் காட்டுறது ஃபைபரும் லேசரும் டிடெக்டரும்தானே? அதுகளைப் பத்தி ஒரு வரி கூட இருக்காது.

முதல்ல ஃபைபர். நல்ல ஃபைபர்லயே 1550 நானோமீட்டர் ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் இழக்கும். கேக்க சின்னதா இருக்கு. 500 கிலோமீட்டருக்குக் கணக்கு போட்டா, ஆயிரம் கோடி ஃபோட்டான் அனுப்பினா ஒண்ணு போய்ச் சேரும்! நடுவுல ஆம்ப்ளிஃபயர் வெச்சும் தப்பிக்க முடியாது. தெரியாத குவாண்டம் நிலையை அப்படியே நகலெடுக்க முடியாதுன்னு 1982லயே நிரூபிச்சாச்சு. காப்பி-பேஸ்ட் இல்லாத உலகம், நம்மள மாதிரி ப்ரோக்ராமருங்க பொழைக்கவே முடியாது :-)

நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 2015ல் 1.3 கிலோமீட்டர் தள்ளியிருந்த இரண்டு வைரத்துண்டுகளின் எலக்ட்ரான்களைப் பிணைத்துக் காட்டினார்கள். வைரம் தர்றது 637 நானோமீட்டர் சிவப்பு ஒளி. அது ஃபைபர்ல கிலோமீட்டருக்கு 8 டெசிபல் போகும், அதாவது ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். 2024ல் டெல்ஃப்ட்டுக்கும் தி ஹேக் நகரத்துக்கும் (ஊர் பேருங்க, அந்த ஹேக் இல்ல) நடுவுல 25 கிலோமீட்டர் ஃபைபர்ல அதையே செஞ்சாங்க. ஃபோட்டானோட அலைநீளத்தை 1588 நானோமீட்டருக்கு மாத்தினதாலதான் அவ்வளவு தூரம் கட்டுப்படியாச்சு.

ஆனா என் எரிச்சலுக்குக் காரணம் டிடெக்டர். 2010ல் நார்வே ஆராய்ச்சியாளர்கள் கடையில விக்கிற குவாண்டம் சாவி கருவிகளையே எடுத்து, டிடெக்டர் மேல பிரகாசமான லேசர் அடிச்சாங்க. கண்ணு கூசிப்போன டிடெக்டர் ஒத்தை ஃபோட்டானைப் பாக்குற சக்தியை இழந்து, ஒட்டுக்கேக்குறவன் சொன்னப்ப மட்டும் 'க்ளிக்' அடிச்சுது. சாவி மொத்தமும் திருடன் கையில். பிழை விகிதமோ ஏறவே இல்ல, அலாரமும் அடிக்கல. விதி உடையல, சாமான் ஏமாந்துச்சு.

2012ல் வந்த வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரெண்டு பேரும் ஃபோட்டான் அனுப்பட்டும், நடுவுல ஒரு பீம் ஸ்ப்ளிட்டர்ல சந்திக்கட்டும், டிடெக்டரைத் திருடனே வெச்சுக்கட்டும், பரவாயில்ல! அதை நம்பாமலே சாவி கிடைக்கும். சரி, அனுப்புற பெட்டி? அதுக்குள்ள வெளியிலேர்ந்து ஒளி அடிச்சு, திரும்பி வர்ற எதிரொளியைப் படிக்க முடியும். அதைத் தடுக்க ஒளியை ஒரே திசையில விடுற ஐசொலேட்டர் போடுறாங்க. அதுவும் ஒரு ஆப்டிகல் சாமான்தான்.