கோபுரத்தை விடுங்க, முற்றத்தைப் பாருங்க

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் பாரிஸ் போட்டோ காட்டினார். தங்கக் கோபுரம் முன்னாடி மட்டும் பதினஞ்சு போட்டோ. "நெப்போலியன் சமாதி பாஸ், சூப்பரா இருக்கும்"னார். எனக்கு லேசா வருத்தம். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் நெப்போலியன் இல்லீங்க, கை கால் போன சிப்பாய்ங்க.

பேரு லேசான்வாலீத். (பேர்ல லேசு இருந்தாலும் வாயில லேசுல நுழையாது :-)) கட்டச் சொன்னது பதினாலாம் லூயி, 1670ல. அதுக்கு முன்னாடி ஊனமான சிப்பாய்களை மடாலயங்கள் தலையில கட்டுவாங்க. மிச்சப்பேர் தெருவுல பிச்சை எடுத்தாங்க. 1674ல முதல் ஆளுங்க இங்கே குடி வந்தாங்க.

கட்டடம் லிபரல் புருவானோட வேலை. ஆத்தைப் பார்த்து 196 மீட்டர் முகப்பு, உள்ளே முற்றம் முற்றமா, பெரிய முற்றத்தைச் சுத்தி ரெண்டடுக்கு வளைவுத் தாழ்வாரம். தங்கினவங்களுக்குச் செருப்பு தைக்கிற பட்டறைகூட இருந்துச்சு. 107 மீட்டர் கோபுரம் அப்புறம் வந்தது; அர்துவான்-மான்சார் வரைஞ்சது, 1706ல முடிஞ்சது. தேவாலயத்துக்கு வாசல் ரெண்டு: முற்றத்துப் பக்கம் சிப்பாய்க்கு, கோபுரத்துப் பக்கம் ராஜாவுக்கு. நெப்போலியன் உடல் வந்தது 1840ல. லேட்டா ஏறி ஜன்னல் சீட் பிடிச்ச கதைதான்!

சரி, ராஜா நல்லவரா? சண்டை மேல சண்டை போட்டு அவங்க காலை வாங்கினதே அவர்தானே. பக் எழுதினவரே பேட்ச் போட்ட மாதிரி. புகழ் ஆசையும் இருந்திருக்கும். முழு ஓய்வும் எல்லாருக்கும் கிடைக்கலை. கொஞ்சம் தெம்பு இருந்தவங்களைக் கோட்டைக் காவலுக்கு அனுப்பினாங்க. 1789ல பாஸ்டில் கோட்டையைக் காத்து நின்னவங்கள்ல பெரும்பாலோர் இப்படிப்பட்ட 82 பழைய சிப்பாய்ங்கதான்.

ஆனாலும் என் கட்சி இதுதான்: அடிபட்டவனுக்குச் சோறு போடுறது தர்மம் இல்லை, அரசோட கடமைன்னு கல்லுல கட்டி வெச்சுட்டார். ராஜா போனார், முடியாட்சியே போச்சு. அந்த வளாகத்துக்குள்ள ஆஸ்பத்திரி மட்டும் இன்னிக்கும் ஓடுது. போர்ல காயம்பட்டவங்களோட, தீவிரவாதத் தாக்குதல்ல அடிபட்டவங்களுக்கும் அங்கே சிகிச்சை.

ஜெயிச்சதுக்கு வளைவு கட்டுறது சுலபம். ஜெயிக்கப் போய்க் கால் இழந்தவனுக்கு 350 வருஷமா கட்டில் போடுறதுதான் கஷ்டம். போனா, ஆத்துப் பக்க வாசல்ல நுழைஞ்சு முதல்ல முற்றத்துல ரெண்டு நிமிஷம் நில்லுங்க மக்களே. நெப்போலியன் எங்கேயும் போயிட மாட்டார்.