சாட்சி சொன்ன மூணாம் நாள்

சிகரெட்டை விட்டு எட்டு மாசம் ஆனதும் சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். ஆராதனை முடிந்ததும் ரெண்டு பெரியவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உள்ளுக்குள் பலூன் மாதிரி ஊதிப்போச்சு, மறைப்பானேன். மூணாம் நாள் டீக்கடையில் நண்பர் ஒண்ணு நீட்டினார். 'இனிமே நம்மளை இது என்ன செய்யும்' என்று வாங்கிவிட்டேன். (ஆமாங்க, முழுசா இழுத்தேன்.)

சோதனை வந்தா பிசாசை எதிர்த்து நில்லுன்னு பிரசங்கத்தில் அடிக்கடி கேட்கிறோம். யாக்கோபு 4:7-ஐ எடுத்துப் பாருங்க. எதிர்த்து நிற்கிறது ரெண்டாவதுதான். தேவனுக்குக் கீழ்ப்படிகிறது முதல்ல. அதுக்கும் முந்தின வசனத்தில், பெருமை பிடிச்சவனைத் தேவனே எதிர்க்கிறார்னு இருக்கு. நாம அதையெல்லாம் தாண்டிட்டு வீரம் மட்டும் பேசுறோம்.

பேதுருவும் இப்படித்தான். எல்லாரும் ஓடினாலும் நான் ஓடமாட்டேன்னார். அதே ராத்திரி கெத்செமனேயில் ஒரு மணி நேரம் கண் விழிச்சு ஜெபிக்க முடியல. சேவல் கூவறதுக்குள்ளே மூணு தடவை மறுதலிச்சார். என்னைக் கேட்டா, அவர் விழுந்தது வேலைக்காரப் பெண் கேட்டபோது இல்லை, அந்தப் பேச்சிலேயே.

அப்போ சாட்சியே சொல்லக்கூடாதான்னு கேட்பீங்க. சொல்லலாம். ஆனா என் சாட்சியில் 'நான்' எத்தனை தடவை வந்துச்சு, கர்த்தர் எத்தனை தடவை வந்தார்னு இப்போ நினைச்சா கூசுது.

டீக்கடைக் கதை சபையில் இன்னும் யாருக்கும் தெரியாது. வர்ற ஞாயிறு அதையும் எழுந்து சொல்லலாம்னு இருக்கேன். அதுக்குக் கை குலுக்க யாரும் வரமாட்டாங்க.