ஒரு மேசை, பல உளிகள்
18ஆம் நூற்றாண்டு ஃபிலடெல்ஃபியாவின் மஹோகனி தேநீர் மேசைகளில் பெரும்பாலும் கையொப்பம் இருக்காது. அகன்ற ஒற்றைப் பலகையின் நடுப்பகுதியைக் கடைந்து தாழ்த்தி, மேடாக விட்ட விளிம்பை அலையலையாகச் செதுக்கினார்கள், ஒட்டுவேலை கிடையாது. கடைசல்காரர், தச்சர், செதுக்குபவர் எனப் பலருடைய உழைப்பு அது. அந்நகரச் செல்வந்தர் ஜான் கட்வாலடருக்கு மரச்சாமான் தச்சர் தாமஸ் அஃப்லெக் கொடுத்த 1770-71 பில்லிலேயே ரெனால்ட்ஸ், பெர்னார்ட், ஜூகியே ஆகியோரின் செதுக்குக் கூலி தனியாக இருக்கிறது. ஏலக்காரர்களுக்கோ ஒற்றைப் பெயர்தான் வேண்டும். பெயர் ஒட்டினால் விலை ஏறுமே! செதுக்கிய இலையின் நரம்பில் உளி போன தடத்தை ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிப்பது அருமையான வித்தைதான். ஆனால் அது காட்டுவது ஒரு கையை மட்டும். பெயர் கிடைக்காத ஒருவரை, அவர் வேலைப்பாடு கொண்ட அலமாரி இருக்கும் சேகரிப்பின் பெயரால் ‘கார்வன் செதுக்குநர்’ என்றே ஆய்வாளர்கள் குறிக்கிறார்கள். எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.